முன்னால் ஓடியவனுக்குக் கட்டம் இல்லை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அழகான காட்சி ஒன்று மனத்தில் வந்து விழுந்தது, ஒரு வரி காதில் ஒலித்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இதற்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டிருந்த ஒரு சொல்லைப் பார்த்து முரளிதரனுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் காலை பெண்டில் ஹில்லில் ரயில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

இதை எழுதுகிறவர் முரளிதரன்தான். வயது ஐம்பத்தைந்து. வீடு சிட்னியில், கிரவீனில். ஒரு நகரசபையில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. யாராவது வீட்டுக்குப் பின்னால் கராஜ் கட்ட விண்ணப்பித்தால், அளவு பிழை, எல்லைக்கோடு பிழை என்று சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புவார். மிச்ச நேரத்தில் யாழ் மாவட்ட இளையோர் விளையாட்டு ஒன்றியம் என்று ஒரு சங்கம் இருக்கிறது, அதன் செயலாளர். ஆண்டு மலருக்கு ஆசிரியரும் அவரே. வேறு யாரும் அந்த வேலைக்கு வருவதில்லை.

கதையை "நான்" என்றுதான் தொடங்கினார்.

[நான் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் —]

அத்தோடு விட்டுவிட்டார். "நான்" என்று எழுதியதுமே கை தன்பாட்டில் நியாயம் சொல்லத் தொடங்குகிறது. அதனால் தன்னைத் தள்ளி நிறுத்தி, பெயர் சொல்லி, வேறு யாரையோ திட்டுவதுபோலத் திட்டுவது என்று முடிவெடுத்தார். இனி இந்தக் கதையில் அவர் முரளிதரன் மட்டுமே. உங்களுக்கும் அவரைத் திட்ட வசதியாக இருக்கும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

[சனிக்கிழமை பின்னேரம். புல் நனைந்திருந்தது. நிதுஷன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு —]

இது சரிவராது. என்ன விளையாட்டு என்றே தெரியாமல் வாசகர் நனைந்த புல்லில் நின்று என்ன செய்வார்?

இரண்டாம் முயற்சி, விளக்கத்தோடு. அமெரிக்கர்கள் தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதுவார்களே, அந்த விளையாட்டு. சிட்னியில் ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் கிடைக்கிற கவனத்தில் நூறில் ஒன்றுகூட இதற்குக் கிடையாது. ஆனாலும் பல்கலைக்கழகங்களில் அணிகள் உண்டு. பார்க்க வருகிறவர்கள் ஆட்டக்காரர்களின் பெற்றோர், காதலிகள், மற்றும் சில நாய்கள். ரன்னிங் பேக் என்றால் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவன். பிடித்து விழுத்தப்படுவதற்குள் எத்தனை யார்டு முன்னேறினான் என்று எண்ணுவார்கள். கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மேற்கு சிட்னியின் ஒரு பல்கலைக்கழக அணியில் இந்த வருடம் ரன்னிங் பேக் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழ்ப் பொடியன்கள்.*

நிதுஷன், முரளிதரன் வீட்டிலிருந்து நாலாவது வீதி. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஒல்லி, வேகம், ஓடும்போது இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் துரத்துகிறவன் வேறு பக்கம் போய்விடுவான். நௌஃபலின் வீடு ஓபர்னில். தகப்பன் சிஹாப்தீன் குளிரூட்டிகள் திருத்துகிறவர், தாய் ரைஹானா முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். நௌஃபல் கட்டையான உடம்பு. வெட்டெல்லாம் கிடையாது, தலையைக் குனிந்தால் நேரே போவான்.

* "தமிழ்ப் பொடியன்கள்" என்று எழுதியபின் முரளிதரன் சற்று நின்றார். நௌஃபல் வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் அவர்கள் தங்களை முஸ்லிம்கள் என்பார்கள். அவர்களைக் கேட்காமல் "தமிழர்" என்று ஒரு தொப்பியை அவர்கள் தலையில் வைக்கலாமா? "தமிழ் பேசும் பொடியன்கள்" என்று மாற்றினார். பிறகு, மாற்றியதை நீங்கள் பார்க்கட்டும் என்று பழையதையும் விட்டுவைத்தார். கேட்காமல் வைப்பது என்ற விஷயம் பின்னால் திரும்ப வரும்.

3.

எங்கள் ஆட்களுக்கு ஒப்பீடு என்றால் சோறு தண்ணி வேண்டாம். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிவதற்குள் இரண்டு பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளிகள் அருகருகே வைக்கப்பட்டுவிடும். ஒரு பிள்ளைக்குத் தொண்ணூற்றெட்டு, மற்றதற்குத் தொண்ணூற்றெட்டரை. அந்த அரைப்புள்ளிக்காக ஒரு தாய் ஆறு மாதம் கோயில் பக்கம் வராமல் இருந்ததை முரளிதரன் கண்ணால் கண்டிருக்கிறார். தையல் இயந்திரம் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால் அதற்கு வலிக்காது. பிள்ளைகளை ஒப்பிடுகிறவர்கள் அந்த நினைப்பில்தான் ஒப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஒன்றியத்துக்குத் தலைவர் கல்யாணசுந்தரம். ஓய்வுபெற்ற பொறியியலாளர், எதையும் அட்டவணையாகப் பார்க்கிறவர். "ஆண்டின் சிறந்த இளம் வீரர்" விருதுக்கு ஒரே அணியிலிருந்து இரண்டு விண்ணப்பம் வந்ததும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"முரளி, மலரில ஒரு ஒப்பீட்டுக் கட்டுரை போடுவம். ரெண்டு பொடியளையும் பக்கம் பக்கமா வைச்சு. நீர்தான் மட்சுக்குப் போறனீர், நீரே எழுதும். பக்கச்சார்பு இருக்கக்கூடாது, கண்டீரோ."

"ஓம் அண்ணை, எழுதிறன்."

விருதுக்கு நிபந்தனை ஒன்றே ஒன்று. தந்தையின் ஊர் யாழ் மாவட்டமாக இருக்க வேண்டும். பிள்ளை எங்கே பிறந்தாலும் பரவாயில்லை. வெஸ்ட்மீட்டில் பிறந்து, வாழ்நாளில் இரண்டு கிழமை மட்டும் யாழ்ப்பாணம் போய், நுளம்பு கடித்ததைத் தவிர வேறொன்றும் ஞாபகமில்லாத பிள்ளைகூட யாழ்ப்பாணம்தான். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. "ஊர்" என்று போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு.

4.

முரளிதரன் ஒப்பீட்டுக் கட்டுரையை ஒழுங்காகத்தான் எழுதினார். அதுவரை நடந்த எட்டு ஆட்டங்களுக்கும் கட்டக்கொப்பியோடு போய், எல்லைக்கோட்டுப் பக்கம் மடக்குக் கதிரை போட்டு, ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்திருந்தார். நிதுஷன் நூற்று நாற்பத்திரண்டு ஓட்டம், தொள்ளாயிரத்து இருபத்துமூன்று யார்டு, சராசரி ஆறரை. நௌஃபல் அறுபத்தொரு ஓட்டம், முந்நூற்று எழுபத்திரண்டு யார்டு, சராசரி ஆறு புள்ளி ஒன்று. நிதுஷன் எதிரணியின் இறுதிக்கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தது பதினொரு தடவை. நௌஃபல் நாலு.

"எண்கள் பேசுகின்றன," என்று கட்டுரையை முடித்தார். அந்த வரியில் அவருக்கு ஒரு பெருமை.

மகள் லக்சிகாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் அதே பல்கலைக்கழகத்தில் உடலியக்க மருத்துவம் படிக்கிறாள். பயிற்சியாளருக்காக ஒவ்வொரு ஆட்டத்தையும் ஏணி மேல் நின்று படம் பிடிப்பவள் அவள்தான். குசினி மேசையில் கட்டுரையை வாசித்துவிட்டு அப்படியே தள்ளிவைத்தாள்.

"அப்பா, சீரியஸ்லி? இந்த டேபிள்ல ஒரு கொலம் குறையுது."

"என்ன கொலம்?"

"நிதுஷன் ஓடேக்க முன்னுக்கு ஆர் ஓடினது எண்டு."

மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். "பந்தைப் பாக்காதேங்கோ. நாற்பத்திநாலைப் பாருங்கோ."

நாற்பத்திநாலு நௌஃபலின் இலக்கம். முரளிதரன் எட்டு ஆட்டமும் நேரில் பார்த்தவர். ஆனால் பந்து இல்லாத ஒருவனைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பந்து நிதுஷன் கைக்கு வருமுன்பே நௌஃபல் புறப்பட்டுவிடுகிறான். தடுக்க நிற்கிறவர்களில் ஆகப் பெரியவனைத் தேடிப் போய்த் தோளால் இடிக்கிறான். இரண்டு பேரும் விழுகிறார்கள். அவர்கள் விழுந்த இடத்தில் ஒரு வழி திறக்கிறது. அந்த வழியால் நிதுஷன் போகிறான். சனம் எழும்பிக் கத்துகிறது. படச்சட்டத்தின் ஓரத்தில் நௌஃபல் புல்லில் கையூன்றி எழும்புகிறான்.

லக்சிகா எண்ணி வைத்திருந்தாள். நிதுஷனின் நூற்று நாற்பத்திரண்டு ஓட்டங்களில் தொண்ணூற்றேழில் நௌஃபல் முன்னால் ஓடியிருக்கிறான். அந்தத் தொண்ணூற்றேழில் நிதுஷனின் சராசரி எட்டு யார்டுக்கு மேல். நௌஃபல் முன்னால் இல்லாத மிச்ச நாற்பத்தைந்தில் சராசரி வெறும் மூன்று.

"நௌஃபல் பந்தோட ஓடேக்க நிதுஷன் முன்னுக்கு ஓடி இடிச்சது எத்தினை?"

"ஸீரோ, அப்பா. கோச் விடமாட்டார். நிதுஷன் காயப்படக்கூடாதாம்."

"நிதுஷனுக்கு இது தெரியுமே?"

"தெரியும். அவனே எல்லாருக்கும் சொல்லுறவன், நௌஃபல்தான் பெட்டர் பேக் எண்டு. ஒருத்தரும் கேக்கிறேல்ல."

முரளிதரன் கட்டுரையைக் கிழித்துப் புதிதாக எழுதினார். அட்டவணையில் புதிய கட்டமொன்று போட்டார், "முன்னால் ஓடியது" என்று. நௌஃபலே சிறந்தவன் என்று வெளிப்படையாக எழுதினார். எழுதி முடித்தபோது தன்னை ஒரு நீதிமான் என்றே நினைத்துக்கொண்டார். இந்த நினைப்பை ஞாபகம் வைத்திருங்கள், தேவைப்படும்.

5.

இனிக் கூட்டம். ஞாயிறு காலை, கல்யாணசுந்தரத்தின் வீட்டு முன்னறை, ஐந்து பேர், வடையும் தேத்தண்ணியும். முரளிதரன் புதிய கட்டுரையோடு சண்டைக்குத் தயாராகப் போனார். தொண்ணூற்றேழு, எட்டு, மூன்று என்று எல்லா எண்ணும் மனப்பாடம்.

சண்டையே நடக்கவில்லை. கல்யாணசுந்தரம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நௌஃபலின் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பொடியன் புத்தளம் எண்டெல்லோ கிடக்கு. எங்கட மாவட்டம் இல்லையே. பிறகென்ன கதை? விதியெண்டால் விதிதானே."

படிவத்தில் "ஊர்" என்ற கட்டத்தில் நீலப் பேனாவால், அழுத்தமான எழுத்தில், "யாழ்ப்பாணம்" என்று எழுதியிருந்தது. யாரோ அதைச் சிவப்பில் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே "புத்தளம்" என்று திருத்தியிருந்தார்கள். மற்றவர்கள் வடையைக் கடித்தபடி தலையாட்டினார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நௌஃபல் போட்டியில் இல்லை. அடுத்த விஷயம், விழா மண்டபத்துக்கு வாகனத் தரிப்பிடம்.

முரளிதரனுக்குக் காது சூடாகிவிட்டது. மனுசன் எழுதியதை அடித்துவிட்டு வேறொரு ஊரை எழுத இவர்கள் யார்? அவன் தகப்பன் எந்த ஊர் என்று அவன் தகப்பனுக்குத் தெரியாதா? புத்தளத்துக்கு அவர்கள் ஏன் போனார்கள் என்று இந்த அறையிலிருந்த ஐந்து பேருக்கும் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் முகாம்களில் கிடந்தார்கள். இது இரகசியமல்ல. ஒருவரைத் துரத்திவிட்டு, துரத்தப்பட்டுப் போய் விழுந்த இடத்தை அவருடைய ஊர் என்று எழுதிக் கொடுப்பது என்ன நியாயம்?

முரளிதரன் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து முப்பத்தாறு வருடம். கடன், கல்யாணம், பிள்ளை, நீரிழிவு எல்லாம் இங்கேதான். ஆனாலும் அவர் எந்தப் படிவத்திலும் "ஊர்: நல்லூர், யாழ்ப்பாணம்" என்றே எழுதுகிறார். ஒருவராவது அதை அடித்துவிட்டு "கிரவீன்" என்று திருத்தினார்களா?

அன்று அவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு சண்டை பிடித்தார். மறுநாள் காலை ரயிலில் இந்தக் கதை தொடங்கியது.

6.

ஒன்றியத்தின் விதிப்படி, நிராகரித்த விண்ணப்பத்தை ஸ்கான் செய்து, ஒரு கடிதத்தோடு மின்னஞ்சலில் திருப்பி அனுப்ப வேண்டும். இளநிலை உதவியாளர் என்று ஒருவரும் இல்லாததால் அதைச் செய்ததும் செயலாளர்தான். "வருந்துகிறோம்" என்று தொடங்கும் கடிதம், ஏற்கனவே அச்சடித்து வைத்தது.

அடுத்த சனிக்கிழமை மைதானத்தில், இரண்டாம் பாதி தொடங்குமுன், சிஹாப்தீன் முரளிதரனின் கதிரையைத் தேடி வந்தார். பின்னால் ரைஹானா. முரளிதரனுக்கு எழும்பத் தோன்றியது, எழும்பவில்லை.

"அண்ணை, ஒரு சின்ன விஷயம். கோவிக்காதேங்க." சிஹாப்தீன் கைப்பேசியை நீட்டினார். திரையில் அந்தப் படிவம். "நான் யாழ்ப்பாணம் எண்டுதான் எழுதினனான். யாரோ சிவப்பால வெட்டிப் போட்டிருக்காங்க."

"ஓம் ஓம், கண்டனான்."

"மகனுக்கு விருது கிடைக்காட்டிப் பரவாயில்ல. அது விளையாட்டு, இண்டைக்கு இவர், நாளைக்கு மற்றவர். மலரில எல்லாப் பிள்ளையளின்ர பேரும் ஊரும் வருமாமே. அதில ஊரை மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க. நான் பிறந்து பதினாலு வயசு மட்டும் அங்கதான் இருந்தனான். ஐந்துசந்தியடி. நீங்க எவடம்?"

"நல்லூர்."

"அட, பக்கம்தானே! சைக்கிள்ல பத்து நிமிஷம்."

சிஹாப்தீன் சிரித்தார். ஊர்க்காரர் ஒருவரைக் கண்ட சந்தோஷம் அந்த மனுசனுக்கு. ரைஹானா சிரிக்கவில்லை.

"சின்ன விஷயம் எண்டு சொல்லாதீங்க," என்றார் கணவரைப் பார்த்து. பிறகு முரளிதரன் பக்கம் திரும்பினார். "எனக்கு அப்ப பத்து வயசு. கழுத்தில கிடந்த சங்கிலியையும் கழட்டிட்டுத்தான் போகச் சொன்னாங்க. அண்டைக்கு ஊர விட்டு அனுப்பினாங்க. இப்ப ஃபோம்ல இருந்தும் அனுப்பியாச்சா? ஆர் செய்தது, அதைச் சொல்லுங்க. பேரைச் சொன்னாப் போதும், நானே போய்க் கேக்கிறன்."

"விடு ரைஹானா. அண்ணைக்கு எப்பிடித் தெரியும்?"

முரளிதரன் கட்டக்கொப்பியை மூடினார். "நான் விசாரிக்கிறன், தம்பி," என்றார்.

"பெரிய உபகாரம்," என்றார் சிஹாப்தீன்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மைதானத்தில் நாற்பத்திநாலு யாரையோ இடித்து விழுந்தது. சனம் நிதுஷன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

7.

விசாரிக்கிறாராம்!

இதுவரை ஒன்றைச் சொல்லாமல் வந்திருக்கிறோம். முதல் பகுதியில் முரளிதரனின் சிவப்புப் பேனாவைப் பற்றிச் சொன்னபோதே நீங்கள் ஊகித்திருக்கலாம். ஊகித்திருந்தால் நீங்கள் அவரைவிட நேர்மையான வாசகர். ஊகிக்கவில்லையென்றால், கல்யாணசுந்தரத்தைக் காட்டி உங்களையும் அவர் ஏமாற்றியிருக்கிறார்.

அந்தப் படிவத்தைத் திருத்தியது முரளிதரன்.

பெப்ரவரியில் வந்த எண்பது படிவங்களையும் அவர் ரயிலில் வைத்துச் சரிபார்த்தார். மடியில் கோப்பு, கையில் சிவப்புப் பேனா. பெயரில் எழுத்துப் பிழை, தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைவு, பிறந்த திகதி தலைகீழ். எல்லாவற்றையும் பொறுமையாகத் திருத்தினார். நௌஃபலின் படிவம் வந்தது. பெயரைப் படித்தார். தகப்பன் பெயரைப் படித்தார். ஓபர்னில் குளிரூட்டி திருத்துகிற சிஹாப்தீன் புத்தளத்து ஆள் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "யாழ்ப்பாணம்" பிழை என்று கை முடிவெடுத்துவிட்டது. ஒரு கோடு, மேலே "புத்தளம்". மூன்று செக்கன். அடுத்த படிவம். ரயிலால் இறங்குமுன் மறந்தும்விட்டார், கட்டுரை எழுதும்போதும் ஞாபகம் வரவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை என்று இங்கே ஒரு வரி வரவேண்டும். [அவர் வேண்டுமென்று —] வராது. வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு கெட்டவனைப் பற்றிய கதையாக இது முடிந்திருக்கும், நாமும் நிம்மதியாகப் படுத்திருப்போம். அவர் உதவியென்று நினைத்துச் செய்தார். சிவப்பில் குறிப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. அந்த மூச்சோடு ஒருவருடைய ஊரும் போய்விட்டது. எண்பது பேரில் ஒருவருடைய ஊரை மட்டும்தான் அவர் திருத்தியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் படிவத்தைத் தூரத்தில் பார்த்த அந்தக் கணமே அது தன் எழுத்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய "த" எப்போதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். காது சூடானது அதனால்தான். அந்தச் சூட்டைக் கல்யாணசுந்தரத்தின் தலையில் கொட்டி ஐந்தாம் பகுதி முழுவதையும் எழுதினார். அதில் எழுதியதெல்லாம் நியாயமான கேள்விகள். கேட்க வேண்டிய ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

8.

மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முரளிதரன் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறார்.

முடிவு ஒன்று. அவசரக் கூட்டம். முரளிதரன் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார். அறையில் அமைதி. கல்யாணசுந்தரத்தின் கண்கள் கலங்க — [கலங்கினதாம்! முப்பது வருடப் பழக்கத்தில் அந்த மனுசனின் கண் கலங்கியது, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் வெட்டியபோது மட்டும்தான்.]

முடிவு இரண்டு. விழா மேடை. விருதை வாங்கிய நிதுஷன் ஒலிவாங்கியைப் பிடித்து, "இது என் நண்பனுக்குரியது" என்று நௌஃபலை மேடைக்கு அழைக்கிறான். கைதட்டல். இதை எழுதி வாசித்தபோது முரளிதரனுக்கே அருவருப்பாக இருந்தது. தனக்குச் சேரவேண்டியதை இன்னொருவனின் பெருந்தன்மையால் வாங்க நௌஃபல் என்ன பிச்சையா கேட்டான்?

முடிவு மூன்று. ஒருவருக்கும் சொல்லாமல், அச்சுக்குப் போகுமுன் "புத்தளம்" என்பதை "யாழ்ப்பாணம்" என்று மாற்றிவிடுவது. கணினியில் ஒரு சொல். யாருக்கும் தெரியவராது. விழாவன்று சிஹாப்தீன் மலரைத் திறந்து பார்த்துவிட்டு நேரே வந்து முரளிதரனின் கையைப் பிடிப்பார். "விசாரிச்சுத் திருத்தினதுக்குப் பெரிய உபகாரம், அண்ணை." முரளிதரன் தலையாட்டி, "அதுக்கென்ன தம்பி" என்பார். மூன்றிலும் இதுதான் ஆகக் கேவலமான முடிவு. நடக்கக்கூடியதும் இதுதான்.

வியாழன் காலை அவர் முழுவதையும் லக்சிகாவிடம் கொடுத்தார். தமிழை அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள். குசினியில் நின்றபடியே, சீரியல் கிண்ணம் ஊறிப்போகும்வரை வாசித்தாள். ஏழாம் பகுதி வந்ததும் தகப்பனை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வையை முரளிதரன் எழுத மாட்டார்.

"இதில நௌஃபல் எத்தினை வசனம் கதைக்கிறான்?" என்று கேட்டாள்.

முரளிதரன் யோசித்தார். தாளைப் புரட்டினார்.

"ஸீரோ, அப்பா."

"அது... கதையின்ர அமைப்பு அப்பிடி, பிள்ளை."

"அமைப்போ? இந்தக் கதையிலயும் அவனை முன்னுக்கு ஓடவிட்டு இடிபட வைச்சிருக்கிறீங்கள். விழுறது அவன், அவன்ர அப்பா, அம்மா. நீங்கள் பின்னால வந்து, நான் எவ்வளவு வருத்தப்படுறன் பாருங்கோ எண்டு டச்டவுன் அடிக்கிறீங்கள். இதுக்கும் சனம் உங்களுக்குத்தான் கைதட்டும்."

முரளிதரனுக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை என்றும் பாராமல் ஏசவேண்டும்போல இருந்தது. அவளுடைய சீரியல் கிண்ணத்தை எடுத்துக் கழுவினார்.

அவள் போனபின் அவசரமாக நௌஃபலுக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தார்.

["அங்கிள், எனக்கு விருதெல்லாம் பெரிசில்லை —"]

அடித்தார். பெரிசில்லை என்று யார் சொன்னது? தோள்மூட்டு வீங்கி வீங்கித் தொண்ணூற்றேழு தடவை இடித்தவனுக்கு அது பெரிசாக இருக்கலாம்.

["அங்கிள், நீங்கள் செய்தது பிழை —"]

அதையும் அடித்தார். இதைச் சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு, சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவும் உண்டு. அவன் என்ன சொல்வான் என்று முரளிதரனுக்குத் தெரியாது. ஒன்பது ஆட்டம், ஒரு கட்டுரை, ஒரு கதை. இவ்வளவுக்கும் நடுவில் அவனோடு ஒருதரம்கூடக் கதைத்ததில்லை.

9.

வெள்ளிக்கிழமை காலை. ரயில் பரமட்டாவைத் தாண்டிவிட்டது. முரளிதரன் இறங்க வேண்டிய ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு இன்னும் கால் மணித்தியாலம். மடியில் மலரின் கடைசிப் படி. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் விண்ணப்பித்த பிள்ளைகளின் பட்டியல், பெயர், பல்கலைக்கழகம், ஊர். சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

இங்கே இந்தக் கதைக்கு ஒரு முடிவு வரவேண்டும், வராது. அவர் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார் என்று எழுதினால், பரவாயில்லை, நல்ல மனுசன் என்று நீங்கள் மன்னித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதினால், சீ என்று சொல்லி, நான் அப்படிப்பட்டவன் அல்ல என்ற திருப்தியோடு புரட்டுவீர்கள். உங்களுக்கு இரண்டுமே வசதி. சிஹாப்தீனுக்கு இரண்டாலும் ஒன்றும் ஆகாது. அந்த மனுசன் கேட்டது மன்னிப்பல்ல, விருதுமல்ல. தான் பிறந்த ஊரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போடச் சொன்னார்.

அதனால் படிவத்தை உங்களிடமே தருகிறோம். நீலமும் இல்லாமல், சிவப்பும் இல்லாமல்.

பெயர்: நௌஃபல் சிஹாப்தீன்

விளையாட்டு: அமெரிக்கக் கால்பந்து, ரன்னிங் பேக்

ஊர்: ____________

நீங்களே நிரப்புங்கள். கதையை இவ்வளவு தூரம் வாசித்துவிட்டேன், எனக்குத் தெரியும் என்று பேனாவை எடுக்கிறீர்களா? முரளிதரனும் அப்படித்தான் எடுத்தார். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கட்டத்துக்கு நேர்கீழே இன்னொரு கட்டம் இருந்தது. அதில் சிஹாப்தீன் தன் தொலைபேசி எண்ணை, அதே நீலப் பேனாவால், ஓர் இலக்கமும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

பெப்ரவரியில் முரளிதரன் அந்த எண்ணைச் சரிபார்த்தார். பக்கத்தில் ஒரு சரி போட்டார். அழைத்துக் கேட்கவில்லை.